அனுமதி மறுக்கப்பட்டது

பிழைப்பை நாடி அயல் மாநிலம் சென்ற தமிழருக்கு ‘அனுமதி’ என்னும் சொல்லின் கனம் நன்கு தெரியும். மும்பை டிராம்பேயிலுள்ள சீத்தா கேம்ப்பின் வரலாறே அதற்குச் சான்று. அணு ஆராய்ச்சி நிலையத்தை அடுத்து முன்னாளில் ஜனதா காலனி இருந்தது. நகரின் பிற பகுதிகளிலிருந்து மாநகராட்சியே கொண்டுவந்து குடியமர்த்திய மக்கள் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் தமிழர் பலர். 1976 ஜனவரியில் அந்நாளைய பம்பாயின் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டன. புகைப்பட அட்டை வழங்கும் முறையும் வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில், நெருக்கடி நிலையின்போது, காலனி அகற்றப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அம்மக்களுக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம் 2000-இல் மகசேசே விருது பெற்றார்.

இவ்வரலாற்றில் நாம் காண்பவை இரண்டு. தம்மை இன்னார் என்று மெய்ப்பிப்பது ஒன்று. இன்னது பெற உரிமையுண்டு என்று நிறுவுவது வேறொன்று. மேலும், ஒருவர் தந்த அனுமதி மற்றொருவர் வாசலில் செல்லாமற் போகலாம். கணினிக்கும் இவை பொருந்தும். இன்று வருமானச் சான்று முதல் மதிப்பெண் பட்டியல் வரை தொலைவிலுள்ள சர்வர்களில் கோப்புகளாக உள்ளன. கல்லூரியில் சேரும் நாளன்று ஒரு கோப்பு இறங்க மறுத்தால் ஓராண்டுப் படிப்பே தவறிப்போகக்கூடும்.

கணினியின் காவல் எவ்வாறு தோன்றிற்று? 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்து பயன்படுத்தும் அமைப்பு உருவாயிற்று. ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்கக் கடவுச்சொல் வந்தது. பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ், கோப்பை நாடுவோரை உரிமையாளர், மற்றவர் எனப் பிரித்தது. நாளடைவில் குழு என்னும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்தது. படித்தலுக்கு 4, எழுதலுக்கு 2, இயக்கலுக்கு 1 என எண்கள் அமைந்தன. 644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் கூடும்; ஏனையோர் படிக்க மட்டுமே கூடும்.

தொலைவிலுள்ள கணினியிலிருந்து கோப்பைப் பெறும் நெறியை 1971 ஏப்ரலில் வகுத்தளித்தவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்றவர். 1985-இல் திருத்தமாக வெளிவந்த அந்நெறியில், 530 என்னும் விடை ‘நீர் இன்னும் உள்நுழையவில்லை’ என்று பொருள்படும். 550 என்பதோ சற்றே மயக்கம் தருவது. கோப்பு இல்லாவிடினும் அதே எண். உரிமை இல்லாவிடினும் அதே எண். இணையதளங்களில் 401 என்பது அடையாளம் கேட்பது. 403 என்பது மறுப்பது. 404 என்பது காணவில்லை என்பது.

ஆகவே மறுப்பு வந்தவுடன் மனந்தளராது வரிசையாக ஆராய்தல் வேண்டும். முதலில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சரியா என்று பார்க்க. அடுத்துக் கோப்பின் பெயரையும் பாதையையும் சரிபார்க்க. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் பெரும்பாலும் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகவே கொள்ளும். மூன்றாவதாக, கோப்பு திறந்திருந்தும் அதற்குச் செல்லும் கோப்புறைகளுள் ஒன்று பூட்டியிருக்கலாம். கோப்புறைக்கு ‘இயக்கல்’ உரிமையே நுழைவுரிமை. வழியிலுள்ள ஒவ்வொன்றிலும் அது வேண்டும். இறுதியாக நம் வீட்டையும் நோக்குதல் நன்று. சர்வர் மனமுவந்து அளித்தும், இறக்கிவைக்கும் கோப்புறையில் எழுதும் உரிமை நமக்கு இல்லாவிடின் அதே மறுப்புத்தான் தோன்றும்.

சர்வரைப் பேணுவோருக்கும் ஒரு சொல். புகார் வந்ததும் 777 என அனைத்தையும் அனைவருக்கும் திறந்துவிடுவோர் உண்டு. அதன்பின் எவரும் அக்கோப்பை மாற்றலாம், அழிக்கலாம். ஒருவருடைய சான்றிதழை ஊரார் திருத்த விடுதல் உதவியாகாது. எந்த வாசல் தடுக்கிறதோ, அதை மட்டும் வேண்டிய அளவு திறப்பதே முறை.

சர்வரின் வாசல் நம் கையில் இல்லாதபோது, வந்த எண்ணையும், கோப்பின் பெயரையும், நாள், நேரத்தையும் குறித்து, அதைப் பேணுவோருக்கு எழுத வேண்டும். ‘இறங்கவில்லை’ என்னும் முறையீட்டைவிட, ‘இந்தக் கோப்புக்கு 403 வருகிறது’ என்னும் முறையீடு விரைவில் பயன்தரும். அட்டையையும் ரசீதையும் பத்திரமாகக் காத்துவைத்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு இவ்வழக்கம் புதிதாயிராது.