பங்கு விற்ற வ.உ.சி., துணிக்கடையில் நின்ற காமராஜர்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாறு பத்தி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. ராஜா கதை, கல்வெட்டுக் கதை எல்லாம் எழுத எனக்குத் தெரியாது. நமக்கு உபயோகப்படுகிற வரலாறா எழுதலாம்னு நினைச்சேன். நாடே பேர் சொல்லும்படி வாழ்ந்த சில பேர், ஒரு காலத்தில் நம்மளைப் போல பொருள் வித்துப் பிழைத்தவர்கள்தான். அவர்களைப் பத்தித்தான் சொல்லப் போகிறேன்.

இந்தத் தலைப்பை எடுத்ததுக்குக் காரணம் உண்டு. நம்ம குழுக்களில் பொருள் செய்ய ஆள் இருக்கு, விக்கத்தான் ஆள் இல்லை. அப்பளம், கூழ்வத்தல், மசாலாப் பொடி, ஊறுகாய், கோரைப்பாய் எதை எடுத்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா "சந்தையில கடை போட யார் போறீங்க?"ன்னு கேட்டா எல்லாரும் தரையைப் பார்ப்போம். நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாவளோங்கிற கூச்சம். கடன் வாங்கிச் செஞ்ச பொருள் வீட்டு மூலையில் கிடக்கும்போது வட்டி சும்மா கிடக்குமா? அது பாட்டுக்கு ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

முதலில் நம்ம சீமைக்காரர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1872-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அந்த ஊர் அப்போ திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. தூத்துக்குடியில் வக்கீல் தொழில் பார்த்தார். அவர் கப்பல் ஓட்டியது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கப்பலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாம கவனிக்கணும்.

1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்காகப் பிரித்து, ஒரு பங்கு 25 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தக் காலத்தில் 25 ரூபாய் சாதாரணப்பட்ட தொகை இல்லை. வ.உ.சி. வக்கீல் வேலையை ஓரமா வச்சுட்டு, ஊர் ஊராகப் போய் பங்கு விற்றார். பாண்டித்துரைத் தேவர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்கிற வியாபாரி மட்டும் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினார். மீதியைப் பலரிடம் கேட்டுக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

யோசிச்சுப் பாருங்க. நாம அப்பளத்தைக் கையில் எடுத்துக் காட்டி விக்கலாம், பொரிச்சுக் கொடுத்தும் விக்கலாம். அவர் கையில் காட்ட ஒண்ணுமே கிடையாது. ஆரம்பத்தில் வாடகைக் கப்பல்தான் ஓடியது. வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியில் அதுவும் நின்னு போச்சு. இன்னும் வாங்காத கப்பலைச் சொல்லி, தன் பேச்சையும் நாணயத்தையும் மட்டும் வச்சு அவர் பணம் திரட்டினார். பம்பாய் வரைக்கும் போய்ப் பாடுபட்டார். 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. மாசாமாசம் நாம போடுகிற சின்னச் சேமிப்பு சேர்ந்து பெரிய கடனாகத் திரும்பி வருதே, அதே கணக்குதான்.

போட்டிக் கம்பெனி சும்மா இருக்குமா? கொழும்புக்குப் போகிற கட்டணத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தது. கடைசியில் இலவசமாவே ஏத்திக்கிட்டு, கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். இன்னைக்குப் பெரிய கம்பெனிகள் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போடும்போது எனக்கு அந்தக் குடைதான் ஞாபகத்துக்கு வரும்.

1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி நொடிஞ்சு, கப்பல் கைவிட்டுப் போச்சு. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் சிறு வியாபாரம் செய்துதான் குடும்பத்தைக் காப்பாற்றப் பார்த்தார். கப்பல் வச்சிருந்த மனுஷன் சில்லறை வியாபாரத்தைக் கேவலமா நினைக்கலை. அவருக்கு இல்லாத கௌரவம் நமக்கு எதுக்கு?

அடுத்தது காமராஜர். 1903-இல் விருதுநகரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்னது. மாமா கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு விட்டார்கள். சுதந்திரப் போராட்டக் கூட்டம், ஊர்வலம்னு பையன் கிளம்பிப் போகவும், வீட்டில் பயந்து திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் மனசு நாட்டைச் சுத்தித்தான் இருந்தது.

துணிக்கடையில் நின்னா எத்தனை விதமான ஜனத்தைப் பார்க்கலாம்! கல்யாணத்துக்கு எடுக்க வருகிறவர்களும் வருவார்கள், ஒரே ஒரு துண்டு வாங்க முடிப்பில் இருந்து காசை எண்ணுகிறவர்களும் வருவார்கள். ஜனங்களின் கஷ்டத்தை அவர் புரிஞ்சுக்கிட்டதில் அந்தக் கடைக்கும் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். 1954-இல் முதலமைச்சரானார். நம்ம சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, மாடு மேய்த்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகலைன்னு கேட்டாராம். போனா சோறு யார் தருவான்னு அவன் திருப்பிக் கேட்டானாம். மதிய உணவுத் திட்டத்துக்கு அதுதான் விதைன்னு நம்ம பக்கத்தில் சொல்வார்கள். 1956-இல் எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கியது. அரசாங்கப் பணத்தோடு ஊர்மக்களிடமும் அரிசி, பருப்பு கேட்டு வாங்கித்தான் சமைத்தார்கள். நல்ல காரியத்துக்குக் கை நீட்டிக் கேட்க அவர் கூச்சப்படவில்லை.

அப்துல் கலாம் ஐயாவைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. உலகப் போர் சமயத்தில், சின்னப் பையனாக, ராமேஸ்வரத்தில் புளியங்கொட்டை பொறுக்கி மளிகைக் கடையில் வித்து ஒரு அணா வாங்கினார். ரயில் ராமேஸ்வரத்தில் நிக்காதுன்னு ஆனபோது, ஓடும் ரயிலில் இருந்து வீசுகிற பேப்பர் கட்டை எடுத்து வந்து உறவினருக்கு உதவினார். தன் முதல் சம்பாத்தியம் அதுதான்னு அவரே பெருமையா எழுதியிருக்கிறார். அந்தக் கைதான் பின்னால் ஜனாதிபதியாகக் கையெழுத்துப் போட்டது.

எல்லாம் ஆம்பளையாளாவே சொல்லுதியேன்னு கேட்பீங்க. பாட்ரிஷியா நாராயண் என்கிற பெண், குடும்பக் கஷ்டத்தில் ரெண்டு பிள்ளைகளோடு நின்றவர். வீட்டில் ஊறுகாய், ஜாம் செய்து வித்தார். 1982-இல் சென்னை மெரினா கடற்கரையில் தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காப்பி, ஐம்பது பைசா. அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போனவர், மறுநாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நல்ல வியாபாரம். பின்னால் பல இடங்களில் உணவகம் நடத்தி, 2010-இல் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது வாங்கினார். முதல் நாளோடு நிறுத்தியிருந்தா அவர் பேரே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

சகோதரிகளே, வித்தவங்க எல்லாரும் ஜெயிச்சாங்கன்னு நான் சொல்லலை. வ.உ.சி.க்கு நஷ்டம்தான் வந்தது. ஆனா அவர் போய்க் கேட்டதால்தான் 40,000 பங்கில் ஒண்ணாவது விலை போச்சு. கேட்காத பொருளுக்கு யார் விலை சொல்வா?

என் யோசனை இதுதான். ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு ரெண்டு பேரா முறை வச்சு சந்தைக்குப் போவோம். ஒருத்தி பழகினவ, இன்னொருத்தி புதுசு. பதினைஞ்சு நாளைக்கு ஒரு முறை ஆள் மாறட்டும். எது வித்தது, எது திரும்பி வந்தது, வாங்கினவங்க என்ன சொன்னாங்கன்னு நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசிப்போம். நாத்தனாரும் மதினியும் என்ன சொல்வாளோன்னு நினைக்க வேண்டாம். கையில் காசு வந்த பிறகு, "அடுத்த சந்தைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ"ன்னுதான் அவங்க கேட்பாங்க.