மடமும் நிலையமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருவீதியில், இணுவிலைக் கடந்து சுன்னாகத்தை அடைவதற்கு முன் ஒரு சந்தி வருகிறது. மருதனார்மடம் என்பது அதன் பெயர். இன்று அங்கே சந்தையும், ஆஞ்சநேயர் கோயிலும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் பெண்கல்விக்கென நிறுவிய கல்லூரியும் சிறப்புற்று விளங்குகின்றன. ஆயினும் ஊருக்குப் பெயர் தந்தது சந்தையுமன்று, கோயிலுமன்று, கல்லூரியுமன்று. வழிப்போக்கர் இளைப்பாறிச் செல்லும் மடமே அப்பெயரில் நிலைத்திருக்கிறது.

பழைய காலத்து மடம் தனித்து நின்ற கட்டடமன்று. அதனை அடுத்து ஒரு கிணறோ கேணியோ இருக்கும். வண்டி மாடுகள் நீர் பருகக் கல்தொட்டி ஒன்று இருக்கும். மாடுகள் தம் உடலை உரோஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நாட்டப்பட்டிருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் துணையின்றித் தம் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்றதாகச் சுமைதாங்கி அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபட்ட பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் தமிழகத்திலும் ஈழத்திலும் இருந்தது. இறக்கிவைக்க இயலாத சுமையோடு மறைந்தவளின் பெயரால், வழியிற் செல்வோர் தம் சுமையை இறக்கிவைக்க ஓரிடம் தரப்பட்டது.

இவற்றை அமைத்தவர்கள் பொறியியல் கற்றவர்களல்லர். ஆனால், இவ்வழியே வருபவர் யார், அவருக்கு இவ்விடத்தில் வேண்டியது யாது என்ற வினாவை மனத்திற்கொண்டே அவர்கள் கல்லை நாட்டினார்கள். சுமைதாங்கியின் உயரத்தை மனிதனின் உயரம் வகுத்தது. தொட்டியின் உயரத்தை மாட்டின் வாய் வகுத்தது. மடங்கள் ஒன்றுக்கொன்று எத்தனை தொலைவில் இருக்கவேண்டும் என்பதை நடப்பவரின் களைப்பு வகுத்தது. பயணியின் உடலே அவர்களுக்கு அளவுகோலாக இருந்தது.

போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர் பாதைகளையும் வண்டிகளையுமே பெரிதும் எழுதுவர். பயணி காத்து நிற்கும் இடத்தைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆனால் பாதை ஒன்று மக்களுக்குப் பயன்பட்டதா என்பதை அறிய விரும்புவோர் முதலிற் பார்க்கவேண்டியது அவ்விடத்தையே.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867ஆம் ஆண்டில் பாதை கண்டியை அடைந்தது. மலைநாட்டுக் கோப்பி கொழும்புத் துறைமுகத்தை விரைந்து சேரவேண்டும் என்பதே அன்றைய அரசினரின் நோக்கமாதலின், அப்பாதைக்கு முதலிடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கையோ நெடுங்காலம் காத்திருந்தது. குடியிருப்புக் குறைந்த வன்னிக்காட்டினூடே இருப்புப்பாதை இடுவது நட்டமாகும் என்று எதிர்த்தோர் கூறினர். யாழ்ப்பாண மக்கள் பல ஆண்டுகள் மனுச் செய்து வற்புறுத்த வேண்டியிருந்தது. சேர் வெஸ்ட் றிட்ஜ்வே தேசாதிபதியாக இருந்த காலத்திலேயே வேலை தொடங்கிற்று.

தலைநகரிலிருந்து வடக்கே நீண்டு வரவேண்டிய பாதை, வடமுனையிலேயே முதலில் ஓடத் தொடங்கியது ஒரு புதுமை. 1902ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே, ஏறத்தாழ 21 மைல் தூரத்துக்கு, வண்டி ஓடியது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்வண்டி வந்தது. கண்டி பெற்ற வசதியை யாழ்ப்பாணம் பெறுவதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

பாதை வந்தபின், மடங்கள் செய்த பணியின் ஒரு பகுதியை நிலையங்கள் ஏற்றுக்கொண்டன. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பளை எனக் கிராமங்களின் பெயர்களே நிலையங்களின் பெயர்களாயின. ஓடு வேய்ந்த கூரை, முன்னே நீண்ட தாழ்வாரம், மரவாங்கு, குடிநீர், முற்றத்தில் ஒரு நிழல்மரம் என்ற அளவில் சிறு நிலையங்கள் அமைந்தன. மடத்துத் திண்ணையைக் கண்டவருக்கு நிலையத்துத் தாழ்வாரம் அந்நியமாகத் தோன்றியிராது. ஆனால் ஒன்று குறைந்தது. மேடைக்கும் வண்டிப் படிக்கும் இடையே இருந்த உயரத்தை முதியவர்கள் பிறர் கைபிடித்தே ஏறவேண்டியிருந்தது. சுமைதாங்கியை நாட்டியவர் பார்த்த அளவைப் புகையிரதத்தை அமைத்தவர் பார்க்கவில்லை.

மருதனார்மடத்தின் பெயரால் ஒரு நிலையம் எழவில்லை. மடத்தருகே வாழ்ந்தோர் சுன்னாகத்துக்கோ கோண்டாவிலுக்கோ சென்று வண்டி ஏறினர். பாதை எங்கே செல்கிறது என்பது ஒரு முடிவு. அது எங்கே நிற்கிறது என்பது இன்னொரு முடிவு. ஊர்களின் வாழ்வு பெரும்பாலும் இரண்டாவது முடிவினாலேயே மாறுகிறது.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது வடபாதை தன் புகழின் உச்சியை அடைந்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் அதனை நிறுத்திற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. நிலையங்கள் கூரையிழந்து நின்றன. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் இடப்பட்டு, 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி வண்டி யாழ்ப்பாணத்தையும், 2015ஆம் ஆண்டு ஜனவரியில் காங்கேசன்துறையையும் அடைந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் ஒரு தலைமுறை புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்தது. காவலற்ற கடவைகளில் நேர்ந்த உயிரிழப்புகள் ஒரு பாடத்தைப் புகட்டின. பாதையை இடுவதோடு வேலை முடிவதில்லை. மக்கள் பாதையைச் சந்திக்கும் இடங்கள் அனைத்தும் திட்டத்தின் பகுதியாகும்.

இப்பாடம் தலைநகருக்கும் உரியது. கொழும்பில் 1900ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை மின்சார டிராம் வண்டிகள் ஓடின. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும் மற்றொன்று பொரளைக்கும் சென்றன. டிராம் வண்டிக்குப் பெரிய நிலையங்கள் தேவைப்படவில்லை. தெருவில் நின்றவர் ஓர் அடி எடுத்து வைத்து ஏறினார், ஓர் அடி வைத்து இறங்கினார்.

டிராம் மறைந்து அறுபது ஆண்டுகள் நிறைவதற்குச் சற்று முன், அதே கோட்டையிலிருந்து பொரளைப் பக்கமாக மற்றுமொரு பாதை வரையப்பட்டது. அதுவே கொழும்பு இலகு ரயில் திட்டம். கோட்டையிலிருந்து பத்தரமுல்லை வழியாக மாலபே வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரம், தூண்களின்மீது உயர்த்திய பாதை, 16 நிலையங்கள் என்பது திட்டம். 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யப்பானுடன் கடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. வட்டி ஆண்டுக்கு 0.1 சதவீதம், திருப்பிச் செலுத்தும் காலம் 40 ஆண்டுகள். விரிவான வடிவமைப்பு வேலைகளும் தொடங்கின.

ஒரு நிலையத்தின் வரைபடத்தைப் பரிசீலிப்பது எளிதான பணியன்று. மேடையின் அகலம், நெருக்கடி வேளையில் வரும் கூட்டம், தீ மூண்டால் வெளியேறும் வழி, தூண் நாட்ட வேண்டிய காணி, தெருவின் அடியிற் செல்லும் நீர்க்குழாய் என அதிகாரிகள் நூறு செய்திகளைப் பார்க்கவேண்டும். ஆயினும் டிராமுக்கும் இலகு ரயிலுக்கும் இடையே உள்ள பெரும் வேறுபாட்டை அவர்கள் மறத்தலாகாது. டிராம் வண்டி பயணி நின்ற தெருவுக்கே வந்தது. தூண்மீது ஓடும் வண்டிக்கோ பயணி மாடிக்கு ஏறவேண்டும். படிக்கட்டு, நகரும் படி, மின்தூக்கி ஆகியவை இங்கே அழகுப் பொருள்களல்ல. அவை இல்லையேல் முதியவருக்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்த ரயில் இல்லை என்பதே பொருள். மாற்றுத்திறனாளிகள் பொதுக்கட்டடங்களை அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் இலங்கையில் 2006ஆம் ஆண்டிலேயே ஆக்கப்பட்டன. அவற்றைக் கடைப்பிடிக்குமாறு 2009ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது.

பிற நகரங்களின் அனுபவமும் இதனையே வலியுறுத்துகிறது. சென்னையில் பறக்கும் ரயில் எனப்படும் உயர்பாதை 1995ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை திறக்கப்பட்டு, பின்னர் மயிலாப்பூருக்கும், 2007ஆம் ஆண்டில் வேளச்சேரிக்கும் நீண்டது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிச் சென்ற அப்பாதையில் மாளிகை போன்ற நிலையங்கள் எழுந்தன. ஆனால் அவற்றின் பரந்த கூடங்கள் நெடுங்காலம் வெறுமையாகவும் இருளடைந்தும் கிடந்தன. பேருந்தை விட்டிறங்கியவர் நிலையத்தை எளிதில் அடைய வழியில்லை. தனியே வரும் பெண்கள் அந்தக் கூடங்களைக் கடக்க அஞ்சினர். கட்டடம் பெரிதாயிற்று, பயணியின் வசதி பெரிதாகவில்லை.

கோலாலம்பூரின் கதை யாழ்ப்பாணத்தாருக்கு இன்னும் நெருக்கமானது. மலாயாவின் புகையிரதப் பகுதியில் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் பணியாற்றிய யாழ்ப்பாணத்தவர் மிகப் பலர். அவர்கள் ஓய்வூதியம் பெற்றுத் திரும்பிக் கட்டிய கல்வீடுகள் குடாநாட்டின் கிராமங்களில் இன்றும் உள. அந்தப் பழைய புகையிரதப் பாதையின் ஒரு பகுதியிலேயே, அம்பாங் நோக்கி, 1996ஆம் ஆண்டில் கோலாலம்பூரின் முதல் இலகு ரயில் ஓடியது. சில ஆண்டுகளுள் மற்றொரு நிறுவனம் இரண்டாவது பாதையை அமைத்தது. மஸ்ஜித் ஜாமெக் என்னுமிடத்தில் இரு பாதைகளும் சந்தித்தன, நிலையங்கள் சந்திக்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர் வெளியே வந்து மீண்டும் பயணச்சீட்டு வாங்கவேண்டியிருந்தது. இக்குறை 2011ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று. இரு நிறுவனங்களின் வரைபடங்களையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்திருந்தால், பத்தாண்டுக்கு மேலான அத்தொல்லை நேர்ந்திராது.

சிங்கப்பூரில் 1999ஆம் ஆண்டில் புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் திறக்கப்பட்டது. அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அண்மையில் அது ஓடவேண்டியிருந்தது. ஆதலின் வீடுகளை நெருங்கும்போது வண்டியின் கண்ணாடிகள் தாமே மங்கி, அவற்றைக் கடந்தபின் தெளியுமாறு அமைத்தனர். முற்றத்தைத் தெருவின் கண்ணிலிருந்து மறைக்கக் கிடுகு வேலி அடைக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு இந்த ஏற்பாட்டின் பொருளை விளக்கவேண்டியதில்லை. ரயிலில் ஏறாதவரையும் நினைத்துப் பார்த்த திட்டம் அது.

கொழும்பின் 16 நிலையங்களோ எழவில்லை. 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நகருக்குச் செலவுக்கேற்ற பயன் தரும் தீர்வு இதுவன்று எனக் கூறி அரசு திட்டத்தை நிறுத்திற்று. அம்முடிவைச் சரியென்போரும் உளர், தவறென்போரும் உளர். ஆனால் ஒன்றை இருசாராரும் ஒப்புக்கொள்வர். காலையில் மாலபேயிலிருந்து கோட்டைக்கு வருபவர், திட்டம் வந்தபோதும் போனபோதும், அதே நெரிசலில் அதே பேருந்தில் நின்றுகொண்டுதான் வந்தார்.

ஒரு திட்டம் நிலைப்பதும் நீங்குவதும் மேலிடத்தில் முடிவாகின்றன. அதனைக் கீழிருந்து தாங்க வேண்டிய மக்கள், அத்திட்டத்தின் நிலையம் தம் தெருவில் எவ்வாறு அமையும் என்பதை அறிந்திருக்க வேண்டும். பெருந்திட்டங்களின் சுற்றாடல் அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துரைக்க 30 நாள்களை இலங்கைச் சட்டம் அளித்திருக்கிறது. அந்த முப்பது நாள்களைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? வரைபடத்தைப் படிக்கப் பயிற்சி வேண்டும் என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். உண்மையில் அதற்குப் பெரும்பயிற்சி வேண்டியதில்லை. பேருந்திலிருந்து இறங்கி மேடைக்குச் செல்ல எத்தனை அடி நடக்கவேண்டும்? மழைவேளையில் எங்கே ஒதுங்குவது? சந்தைக்குக் காய்கறிக் கூடையோடு வருபவர் அக்கூடையை எங்கே இறக்கிவைப்பார்? குடிநீரும் கழிப்பறையும் எப்பக்கம்? பெயர்ப்பலகை மூன்று மொழிகளிலும் பிழையின்றி இருக்கிறதா? இரவு கடைசி வண்டியில் தனியே வந்திறங்கும் பெண்ணுக்கு வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உண்டா? இவ்வினாக்களுக்கு வரைபடத்தில் விடை இல்லையெனில் வரைபடம் முடிவுறவில்லை.

இவை இலகு ரயிலுக்கு மட்டும் உரிய வினாக்களுமல்ல. பட்டினத்துப் பேருந்து நிலையத்துக்கும், கிராமத்துத் தரிப்பிடத்துக்கும், திருத்தப்படும் ஒவ்வொரு சந்திக்கும் இவையே பொருந்தும். கட்டி முடிந்த நிலையத்தில் ஒரு படியைத் தாழ்த்தச் சுவரை இடிக்கவேண்டும். வரைபடத்தில் அதனைத் தாழ்த்த ஒரு கோட்டை அழித்தாற் போதும். ஆதலின், அடுத்த முறை ஏதேனும் ஒரு நிலையத்தின் வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, அவ்வூரார் சென்று பார்க்கவேண்டும். நடக்க இயலாத முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது நன்று.