சபாநாயகர்: சொல்லும் பதவியும்

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்துள்ள குடுபல்லி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் சந்திக்கும் எல்லைப் பகுதியாகும். சட்டமன்றத்தை நடத்தும் தலைவரைத் தமிழர் சபாநாயகர் என்பர். தெலுங்கர் சபாபதி என்பர். இவ்விரண்டும் தில்லைக் கூத்தனின் திருப்பெயர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. (இந்தியில் சபாபதி என்பது மாநிலங்களவைத் தலைவரையே குறிக்கும், மக்களவைத் தலைவர் அத்யக்ஷர் எனப்படுவார். மொழிபெயர்ப்போர் இவ்விடத்தில் இடறுவதுண்டு.) ஆங்கிலத்தின் ஸ்பீக்கர் என்னும் சொல்லுக்கோ பேசுபவர் என்பதே பொருள். அவையின் வாயாக இருப்பவர், அவையை ஆள்பவர் என்னும் இவ்விரு பொருள்களுள் இந்திய நாடாளுமன்ற நடைமுறை எதனைச் சார்ந்து வந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இங்கிலாந்தில் 1377இல் தாமஸ் ஹங்கர்போர்டு இப்பெயரால் சுட்டப்பெற்றார். பொதுமக்கள் அவையின் கருத்தை மன்னனிடம் எடுத்துரைப்பதே அவர் பணி. 1642இல் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய முதலாம் சார்லஸ் அவைக்குள் நேரே வந்தபோது, அவை ஆணையிட்டாலன்றித் தமக்குக் காணக் கண்ணும் பேச நாவும் இல்லை என மண்டியிட்டு மறுத்தார் தலைவர் லெந்தால். நாயகர் என்னும் சொல்லுக்கு இதனினும் தொலைவான நிலை இருத்தல் அரிது.

இம்மரபை இந்தியாவில் காண, சித்தூர் மாவட்டம் தந்த ஒருவரையே சான்றாகக் கொள்ளலாம். ம. அனந்தசயனம் அய்யங்கார் 1891இல் திருச்சானூரில் பிறந்தவர் (அவ்வூர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது). வழக்கறிஞரான அவர் 1934இல் மத்திய சட்டசபைக்குள் புகுந்தார். 1952இல் மக்களவைத் துணைத்தலைவரானார். மாவளங்கர் மறைந்தபின் 1956 மார்ச்சில் தலைவராகி 1962 வரை அப்பதவி வகித்தார்.

அவர் காலத்து நிகழ்ச்சிகளுள் மொழியியலாரின் கவனத்திற்குரியது 1961ஆம் ஆண்டின் பிளிட்ஸ் வழக்கு. ஆச்சாரிய கிருபளானியின் மக்களவை உரையைத் தாக்கிய அந்தப் பம்பாய் வார ஏடு, தலைப்பில் அவர் பெயரைக் கிருபலூனி எனத் திரித்தது. ஆங்கிலத்தில் லூனி என்பது பித்தரைக் குறிக்கும் கொச்சைச் சொல். தமிழில் இச்சிலேடையைப் பெயர்க்க இயலாது, விளக்கத்தான் இயலும். உரிமைக்குழு இதனை உரிமை மீறல் எனக் கண்டது. அவை அம்முடிவை ஏற்றது. ஆகஸ்டு 29 அன்று ஆசிரியர் கரஞ்சியா அவையின் முன் நிறுத்தப்பட்டு, அய்யங்காரால் கண்டிக்கப்பெற்றார். கண்டனத்தை மொழிந்த வாய் தலைவருடையது, தீர்ப்போ அவையினுடையது. ஒரு சிலேடைக்கு இத்துணை ஆரவாரம் வேண்டியதில்லை எனலாம். எனினும் முறைமை பழையதே.

உறுப்பினர்களை ஒழுங்குபடுத்துவதிலும் இம்முறையே நிலவியது. மக்களவை விதி 374இன்படி, அவையை இடையறாது தடுக்கும் உறுப்பினரைத் தலைவர் பெயர் சுட்டுவார். அதன்பின் தீர்மானம் கொணரப்பட்டு அவை ஏற்றால்தான் இடைநீக்கம் நிகழும். பெயர் சுட்டல் என்பது குற்றச்சாட்டேயன்றித் தண்டனையன்று.

எனினும் சொற்களின் மீது தலைவர்க்குத் தனியாட்சி முன்பே உண்டு. விதி 380 கண்ணியமற்ற, அவைப் பண்புக்கு ஒவ்வாத சொற்களை அவர் தம் விருப்புரிமையால் நீக்கச் செய்ய இடந்தருகிறது. தமிழ் வழக்கில் இது அவைக்குறிப்பிலிருந்து நீக்குதல். அனைவர் செவியிலும் விழுந்த சொல் ஏட்டில் மட்டும் இல்லாது போகிறது. அவ்வாறே அரசமைப்பின் 120ஆம் உறுப்பு, இந்தியிலோ ஆங்கிலத்திலோ போதிய அளவு பேச இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அனுமதிக்கும் அதிகாரத்தையும் தலைவரிடமே ஒப்படைத்தது. வாயாக இருப்பவரே பிறர் நாவிற்கும் வாயிற்காவலரானார்.

2001 டிசம்பரில் விதி 374அ சேர்க்கப்பட்டது. அவையின் நடுப்பகுதிக்கு வந்தோ முழக்கமிட்டோ அலுவலைக் கடுமையாகக் குலைப்பவரைத் தலைவர் பெயர் சுட்டிய அளவிலேயே, அவர் தொடர்ந்த ஐந்து அமர்வுகளுக்கோ கூட்டத்தொடரின் எஞ்சிய காலத்திற்கோ, இவற்றுள் குறைந்ததற்கு, தானாகவே இடைநீக்கம் பெறுகிறார். தீர்மானம் வேண்டுவதில்லை; இடைநீக்கத்தை முடிவுக்குக் கொணரவே அவைக்குத் தீர்மானம் தேவைப்படும். மொழியியலார் நோக்கில், குறிப்பிடும் கூற்றாக இருந்த பெயர் சுட்டல் இங்குச் செயலாற்றும் கூற்றாக மாறிவிட்டது. தமிழும் தெலுங்கும் நெடுநாளாக அப்பதவிக்கு வழங்கிவந்த பெயருக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விதி அணுகி வந்தது அப்போதுதான்.