மத்தி மீனும் சென்னை மாகாணமும்

கள்ளக்குறிச்சிச் சந்தையில் சித்திரை, வைகாசியில் கடல் மீன் விலை ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். கல்வராயன் மலையடிவாரத்துக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இத்தடை, 2017இல் 61 நாளாயிற்று.

இத்தகைய விதிகளுக்கு விஞ்ஞானிகளின் ஆலோசனை துணை நிற்கிறது. ஆனால் அந்த ஆலோசனை எடுபடாமல் போன காலமும் உண்டு.

கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய தென்னாற்காடு ஜில்லாவும் மேற்கே மலபாரும் அன்று ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. மலபாரில் மத்தி மீன்தான் ஏழையின் உணவு. அதிலிருந்து எண்ணெயும் உரமும் கிடைத்தன. சில ஆண்டுகளில் கரையில் மலை போல் குவியும் இம்மீன், சில ஆண்டுகளில் கண்ணிலேயே படாது. மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், ராமசாமி நாயுடு ஆகிய இருவரும் இதன் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து 1924இல் வெளியிட்டனர். பின்னர் மத்தி மீண்டும் அருகவே, 1943இல் அரசு சில வலைகளுக்கும் குஞ்சு மீன் பிடிப்பதற்கும் கட்டுப்பாடு விதித்தது. சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. பிடித்ததால் குறைந்ததா, கடலின் மாறுதலால் குறைந்ததா என்று காட்ட நம்பகமான கணக்கு அன்று இல்லை. கணக்கில்லாத ஆலோசனையை எந்த மீனவர்தான் ஏற்பார்?

1947இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. கடலுக்குள் மீனை எண்ண முடியாதல்லவா? ஆகவே கரையில் எண்ணினார்கள். ஊழியர் ஒருவர் முதல் நாள் நண்பகல் முதல் மாலை வரையும், மறுநாள் காலை முதல் நண்பகல் வரையும் மீன் இறங்குதளத்தில் இருப்பார். இரவில் வந்ததை விசாரித்து எழுதிக்கொள்வார். எத்தனை படகு, எவ்வளவு நேரம், எவ்வளவு மீன் என்பதெல்லாம் பதிவாகும். மீனின் நீளமும் அளக்கப்படும். பத்துப் படகு பிடித்த அளவையே இப்போது இருபது படகு பிடிக்கின்றன என்று வையுங்கள். மொத்தம் குறையவில்லை, ஆனால் ஒரு படகின் பங்கு பாதியாகிவிட்டது. அபாயம் அங்கேதான் முதலில் தெரியும். மீனின் சராசரி நீளமும் சுருங்கினால், பெரியவை தீர்ந்து குஞ்சுகள் பிடிபடுகின்றனவோ என்று ஐயப்படவேண்டும்.

மத்தியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுதான். இரண்டு பருவம் குஞ்சு பிழைக்காவிட்டால் கூட்டமே மெலிந்துவிடும். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2015இல், இந்நிலையத்தின் பரிந்துரைப்படி, 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாதென அம்மாநில அரசு விதித்தது. அப்படியும் 2021இல் கிடைத்தது 3,297 டன்தான்! கடல்நீர் வெப்பமும் உணவுக் குறைவும் இதில் சேர்ந்துகொண்டன என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கடலின் வெப்பத்துக்கு யாரும் தடை போட முடியாது. வலைக்கண்ணின் அளவுக்கும் படகின் நாட்களுக்கும் போடலாம். அதையும் நிலையம் போட முடியாது. அது சொல்லும், கரையோரக் கடலுக்கு விதி செய்வது மாநில அரசு.