கயானா: வரலாறும் மக்களும்

கயானா தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் உள்ள நாடு. தலைநகர் ஜார்ஜ்டவுன். பரப்பளவு சுமார் 2,15,000 சதுர கிலோமீட்டர்; அதாவது தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஆனால் மக்கள்தொகை எட்டு லட்சம் அளவே. அந்தக் கண்டத்தில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு இது. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் இந்திய வம்சாவளியினர். அவர்களுள் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழரின் வழிவந்தவர்களும் உள்ளனர்.

அடிமை முறையும் கரும்பும்

இந்நிலத்தின் தொல்குடிகள் அமெரிந்தியர். பின்னர் டச்சுக்காரர்கள் எசெகிபோ, டெமராரா, பெர்பிஸ் ஆகிய குடியேற்றங்களை அமைத்தனர். கடல்மட்டத்துக்குத் தாழ்வான கரையோரச் சேற்றில் கரைகட்டி, கால்வாய் வெட்டி, கரும்பு விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1763இல் பெர்பிஸில் கஃபி என்பவர் தலைமையில் அவர்கள் பெரும் கிளர்ச்சி செய்தனர். 1814இல் இப்பகுதி முறைப்படி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1831இல் பிரிட்டிஷ் கயானா ஆயிற்று.

1838இல் அடிமைகள் முழு விடுதலை பெற்றனர். பலர் தோட்டங்களை விட்டு வெளியேறினர். குறைந்த கூலிக்கு ஆள் தேடிய தோட்ட முதலாளிகளின் பார்வை இந்தியா மீது விழுந்தது.

ஒப்பந்தக் கூலிகள்

1838 மே 5 அன்று கல்கத்தாவிலிருந்து வந்த விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்களில் 396 பேர் வந்திறங்கினர். அவர்கள் பட்ட கொடுமைகள் வெளியே தெரியவந்ததால் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டு, 1845இல் மீண்டும் தொடங்கியது. அப்போதுதான் சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. அக்காலச் சென்னையில் கட்டப்பட்ட துறைமுகம் இல்லை. தொலைவில் நங்கூரமிட்ட கப்பலுக்கு மசூலாப் படகில் அலைகளைத் தாண்டித்தான் செல்ல வேண்டும். அதன்பின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கடற்பயணம்.

1917 வரை கயானாவுக்குச் சென்ற இந்தியர் சுமார் 2,39,000 பேர். சென்னை வழியாகச் சென்றவர்கள் ஏறத்தாழ 15,000 பேர் மட்டுமே. அவர்களுள் தெலுங்கரும் இருந்தனர். மற்றவருள் பெரும்பாலோர் போஜ்புரி முதலிய வட இந்திய மொழிகளைப் பேசியவர்கள். சென்றோரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே தாயகம் திரும்பினர்.

மொழி போனது, மரபு நின்றது

சிறு எண்ணிக்கையினரான தமிழர், அங்கே 'மெட்ராசி' எனப்பட்டனர். வேலைத்தலத்திலும் பள்ளியிலும் தமிழுக்கு இடமில்லை. சில தலைமுறைகளில் தமிழ் பேச்சுமொழியாக இல்லாமற் போயிற்று. பெயர்கள் மட்டும் தங்கின. ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய முனிசாமி 'மூன்சாமி' ஆனார். நாகமுத்து 'நாகமூட்டு' ஆனார். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்த மோசஸ் வீராசாமி நாகமூட்டு, பெர்பிஸ் பகுதியின் விம் என்னும் ஊரைச் சேர்ந்த தமிழ் மரபினர்.

வழிபாடும் மறையவில்லை. அங்கு 'காளிமாய்' பூசை எனப்படுவது மாரியம்மன் வழிபாடே. மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் நாம் காணும் வேப்பிலை அங்கும் உண்டு. தப்பு அடிக்கிறார்கள், கரகம் எடுக்கிறார்கள், மதுரைவீரனை வணங்குகிறார்கள். பாடுவோரில் பலருக்குப் பொருள் தெரியாத தமிழ்ப் பாடல்களும் வாய்வழியாக வழங்குகின்றன.

விடுதலையும் பிளவும்

1948இல் என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் ஐவர் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1953இல் அனைவருக்கும் வாக்குரிமையுடன் நடந்த தேர்தலில் செட்டி ஜெகன் தலைமையிலான கட்சி வென்றது. சில மாதங்களில் பிரிட்டன் அந்த ஆட்சியைக் கலைத்தது. பின்னர் கட்சி பிளந்து, ஜெகன் பக்கம் இந்தியரும் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம் பக்கம் ஆப்பிரிக்கரும் அணிதிரண்டனர். 1960களின் தொடக்கத்தில் இனக்கலவரங்கள் மூண்டன. ஒரே கரும்புத் தோட்டத்தில் அடுத்தடுத்து ஒடுக்கப்பட்ட இரு மக்கள் ஒருவருக்கொருவர் பகையானது இந்நாட்டு வரலாற்றின் பெருந்துயரம்.

1966 மே 26 அன்று கயானா விடுதலை பெற்றது, 1970இல் குடியரசானது. 2015இல் கடலடியில் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. அச்செல்வம் எல்லா இனத்தாருக்கும் சமமாகச் சேருமா என்பதே இன்று அந்நாட்டின் முன் உள்ள கேள்வி. மே 5 அங்கு வருகை நாளாக அரசு விடுமுறை. கப்பலேறியவர்களை அந்நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவர்களை வழியனுப்பிய கரையில் வாழும் நம் மாணவர்களும் அவர்களை அறிந்திருக்க வேண்டும்.