மாமாவின் கான்டெஸாவும் லூட்டன் கிளட்சும்

பாகாலா மாமாவிடமிருந்து போன் வந்தால் முதல் ரெண்டு நிமிஷம் நலம் விசாரிப்பு, மீதியெல்லாம் கான்டெஸா. அந்த முறை நலம் விசாரிப்பே இல்லை.

"மாப்ளே, நேத்து திருமலை ஏறும்போது கிளட்ச் வழுக்குது. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா இன்ஜின் கத்துது, வண்டி நகரல. பின் சீட்ல உன் அத்தையும் பேத்தியும். நீ லூட்டன்லதானே இருக்க? அங்க பொறந்த வண்டிதானே இது? வரும்போது ஒரு கிளட்ச் செட் எடுத்துட்டு வா."

மாமா சொன்னது பாதி உண்மை. லூட்டனில் வாக்ஸால் கம்பெனி 1970களில் செய்த விக்டர் காரின் உடம்புதான் கான்டெஸா. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதன் அச்சுகளை வாங்கி, 1984-ல் உத்தர்பாராவிலிருந்து கான்டெஸா என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. அந்த நீள மூக்கைப் பார்த்து நம்ம ஆட்கள் 'இந்தியாவின் மசில் கார்' என்றார்கள்.

அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு அர்த்தம் வேறு. நடுத்தரக் காரில் ராட்சச இன்ஜின். 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓவில் 6.4 லிட்டர் இன்ஜின், 325 குதிரைத்திறன். நம்ம கான்டெஸாவுக்கு முதலில் கிடைத்ததோ அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின். சுமார் 50 குதிரை. பயில்வான் உடம்பு, நோஞ்சான் நெஞ்சு! பிறகு ஜப்பானிய இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்துதான் மானத்தைக் காப்பாற்றின. மாமாவுடையது அந்த ரகம்.

இதெல்லாம் தெரிந்தும், அவசரத்தில் நான் வாங்கிப் போனது விக்டருக்கான கிளட்ச். பாகாலா மெக்கானிக் பழைய பிளேட்டையும் புதுசையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நடுத்துளையின் பல்வரிசையே சேரவில்லை.

மாமா கோபப்படவில்லை. "நம்ம ஸ்டேஷன் மாதிரிதான்" என்றார். காட்பாடி, திருப்பதி, தருமாவரம் என்று மூணு பக்கம் பிரியும் ஜங்ஷன். போர்டில் அதே பாகாலாதான், ஆனால் கீழே மீட்டர்கேஜ் போய் பிராட்கேஜ் வந்துவிட்டது. பெயரைப் பார்த்துச் சக்கரம் வாங்கினால் ஓடுமா?

அன்று மெக்கானிக்கிடம் கற்றது இது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும். கிளட்ச் பிளேட்டின் வெளி வட்டம் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும். நடுவில் உள்ள பற்கள் கியர் பெட்டியின் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும். இன்ஜினோ கியர் பெட்டியோ மாறிய வண்டியில் இந்த ரெண்டும் வேறு வேறு கம்பெனியாகக்கூட இருக்கலாம். பிளேட் மாற்றும்போதே பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது, அதற்காக இன்னொரு முறை கியர் பெட்டியை இறக்க வேண்டாம்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை வண்டி நாலு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் அளக்கணும். உடம்பை ஜாக்கியில் தூக்கினால் பின் அச்சு தொங்கி அளவு மாறிவிடும். வெட்டி ஒட்டிய ஷாஃப்ட்டை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் வேகத்தில் வண்டியே நடுங்கும்.

கிளட்சைக் கழற்றியபோது ஷாஃப்ட்டின் முன்பக்க கிராஸ் ஜாயிண்டும் ஆடியது. மலைப்பாதையில் அது உடைந்திருந்தால் ஷாஃப்ட் ரோட்டில் குத்தியிருக்கும். பேத்தி இருந்த வண்டி. மாமா அன்று முழுக்க அதிகம் பேசவில்லை.

பழைய பிளேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். அளவு பார்த்து, பல் எண்ணி, இசுசு செட் ஒன்றும் கிராஸ் ஒன்றும் வாங்கி வந்தோம். அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு மலை ஏறினோம். வழுக்கவில்லை.

கான்டெஸா 2002-ல் நின்றது. லூட்டனில் கார் தயாரிப்பு நின்றதும் அதே 2002-ல்தான். மாமா வண்டி மட்டும் ஓடுகிறது. விக்டர் கிளட்ச் இன்னும் என் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, யாருக்காவது வேணுமா?