பாரிஸுக்காக நியூயார்க் எரியுமா?

1956 நவம்பர் 6. பிரெஞ்சுப் பிரதமர் கி மொலே பாரிஸில் மேற்கு ஜெர்மனியின் அடனாவரோடு பேசிக்கொண்டிருந்தபோது லண்டனிலிருந்து தொலைபேசி வந்தது. எகிப்தின் சூயஸில் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து நடத்திவந்த சண்டையை நிறுத்தப்போவதாகப் பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் சொன்னார். களத்தில் படைகள் தோற்கவில்லை. பவுண்டு சரிந்துகொண்டிருந்தது, சண்டையை நிறுத்தாமல் உதவ முடியாதென்று வாஷிங்டன் கைவிரித்துவிட்டது. முந்தைய நாள்தான் சோவியத் பிரதமர் புல்கானின் ராக்கெட்டைக் காட்டி மிரட்டிக் கடிதம் எழுதியிருந்தார்.

எகிப்தின் மீது பாய்ந்தது அநியாயம். அதைத் தடுத்தது நியாயம். ஆனால் பிரான்ஸ் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: ஆபத்து வரும்போது அமெரிக்காவின் கணக்கும் நம் கணக்கும் ஒன்றாக இருக்காது.

பிரான்ஸின் அணுகுண்டுக்கு வேர் அதற்கும் முந்தையது. அன்றைய ஆட்சித் தலைவர் டி கோல் 1945லேயே அணுசக்தி ஆணையத்தை அமைத்திருந்தார். தயக்கத்தை உடைத்ததுதான் சூயஸ். அணு ஆயுதத்தை விரும்பாமல் பதவிக்கு வந்த மொலேயின் ஆட்சியிலேயே, அந்த நவம்பர் முடிவதற்குள், ராணுவமும் ஆணையமும் குண்டுக்கான ஒப்பந்தம் போட்டன.

1960 பிப்ரவரி 13 காலை, அல்ஜீரிய சஹாராவில் ரெகானுக்குத் தெற்கே, சுமார் 100 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் அந்தக் குண்டு வெடித்தது. ஏறத்தாழ 70 கிலோடன். ஹிரோஷிமா குண்டைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அந்தப் பாலைவனத்தில் தத்தித் திரியும் ஜெர்போவா எலியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள்: நீல ஜெர்போவா.

மறு ஆண்டு பாரிஸ் வந்த அமெரிக்க அதிபர் கென்னடியிடம் பிரெஞ்சு அதிபர் டி கோல் நேராகவே கேட்டார்: பாரிஸைக் காக்க நியூயார்க்கை இழப்பீர்களா? கென்னடி உறுதி கூறினார். அந்த உறுதி மெய்யா என்பது குண்டு விழும் நாளில்தான் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஆகவே சொந்தக் குண்டு வேண்டும்; ஆனால் சோவியத்துக்குச் சமமாகக் குண்டுகளைக் குவிக்க வேண்டியதில்லை, பிரான்ஸை விழுங்குவதால் வரும் லாபத்தைவிட நஷ்டம் பெரிதாக இருந்தால் போதும் என்று பிரெஞ்சுத் தளபதி காலுவா வாதிட்டார். 1964ல் மிராஜ் 4 விமானங்கள் குண்டோடு காவலுக்கு நின்றன. 1966ல் பிரான்ஸ் நேட்டோவின் கூட்டுத் தலைமையைவிட்டு விலகியது, கூட்டணியை விடவில்லை.

டி கோலின் கேள்வி சரியானது என்றே நினைக்கிறேன். அதற்கான விலையைக் கொடுத்தது பாரிஸ் அல்ல. அல்ஜீரியாவில் 17 சோதனைகள்; அவற்றில் 11 அந்நாடு விடுதலை பெற்ற பிறகு நடந்தவை. பிறகு 1996 வரை பொலினீசியத் தீவுகளில் 193. அங்கிருந்தவர்கள் யாரும் எந்தக் கூட்டணியிலும் கையெழுத்திட்டவர்கள் அல்லர். கதிரியக்கக் கழிவு புதைந்து கிடக்கும் இடங்களின் வரைபடத்தை அல்ஜீரியா இன்னமும் பிரான்ஸிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.